நான்கு இன்ஜின்களும் நின்றன... அந்த விமானம் ஏன் கல் மாதிரி விழவில்லை?

1982 ஜூன் 24, இரவு. கோலாலம்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் பறந்துகொண்டிருந்தது பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747. உயரம் 37,000 அடி. உள்ளே 260-க்கும் மேற்பட்டோர். ஜாவா தீவுக்குத் தெற்கே வந்தபோது, காக்பிட் கண்ணாடியில் மத்தாப்பு கொளுத்தியதுபோல ஒளிப்பொறிகள். கேபினுக்குள் புகை, கந்தக வாடை. ஜன்னலோரம் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தால், இன்ஜினுக்குள் யாரோ லைட் போட்டுவிட்ட மாதிரி வெளிச்சம்!

முதலில் நாலாவது இன்ஜின் நின்றது. அடுத்து இரண்டாவது. மூச்சு விடுவதற்குள் மற்ற இரண்டும். கேப்டன் எரிக் மூடி மைக்கில் பேசினார். ஒரு சின்னப் பிரச்னை, நான்கு இன்ஜின்களும் நின்றுவிட்டன, திரும்ப இயக்க முயல்கிறோம் என்று சொல்லிவிட்டு, நீங்கள் ரொம்பப் பதற்றமாக இருக்க மாட்டீர்கள் என நம்புகிறேன் என்றும் சேர்த்துக்கொண்டார். சில பயணிகள் கையில் கிடைத்த காகிதத்தில் வீட்டுக்கு நாலு வரி எழுத ஆரம்பித்தார்கள்.

அந்த இரவு என்ன நடந்தது என்று புரிய வேண்டுமானால், ஓடுகிற இன்ஜின் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும்.

பின்னால் தள்ளு, முன்னால் போ!

கிணற்றில் நீச்சலடிக்கும்போது கையால் தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறோம்; உடம்பு முன்னால் போகிறது. விமான இன்ஜினும் இதையேதான் செய்கிறது. தண்ணீருக்குப் பதில் காற்று. நியூட்டனின் மூன்றாம் விதி, ஸ்கூலில் மனப்பாடம் செய்தோமே, அதேதான். 'பின்னால் வரும் புகை வெளிக்காற்றில் மோதி விமானத்தைத் தள்ளுகிறது' என்று பலர் நினைக்கிறார்கள். நானும் காலேஜ் வரை அப்படித்தான் நினைத்தேன். அது தப்பு. காற்றைப் பிடித்துப் பின்னால் எறிகிறது இன்ஜின். எறிந்ததற்கு எதிர்விசையாக அதுவே முன்னால் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளல்தான் உந்துவிசை.

இன்ஜினின் வாயில் தெரியும் பெரிய ஃபேன் காற்றை உள்ளே இழுக்கிறது. அதில் ஒரு பகுதி நடுவில் இருக்கும் குழாய்க்குள் போகிறது. வரிசை வரிசையாகச் சுழலும் பிளேடுகள் அதை அழுத்தி அழுத்தி உள்ளே தள்ளுகின்றன. அழுத்தம் கூடினால் காற்று சூடாகும். சைக்கிள் பம்ப் அடித்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சூடான காற்றில் எரிபொருளைத் தெளித்தால் பற்றி எரிகிறது. வெந்த வாயு பாய்ந்து வெளியேறும்போது, வழியில் இருக்கும் டர்பைனைச் சுழற்றிவிட்டுப் போகிறது. டர்பைன் சுழன்றால் அதே தண்டில் மாட்டியிருக்கும் முன்பக்க பிளேடுகளும் ஃபேனும் சுழலும். ஃபேன் சுழன்றால் மறுபடி காற்று வரும். ஒருமுறை பற்றவைத்தால் போதும், தன்னைத்தானே ஓட்டிக்கொள்ளும்.

இதில் ஒரு சுவாரஸ்யம். நெருப்பும் புகையும்தான் விமானத்தைத் தள்ளுகின்றன என்று தோன்றும். ஆனால், இன்றைய பயணிகள் விமானங்களில் உந்துவிசையின் பெரும்பகுதியைத் தருவது, நெருப்புப் பக்கமே போகாமல் வெளிச்சுற்று வழியாகப் பின்னால் பாயும் சாதாரணக் காற்றுதான். 10 கிலோ காற்றின் வேகத்தை நொடிக்கு 100 மீட்டர் கூட்டினாலும், 100 கிலோ காற்றின் வேகத்தை 10 மீட்டர் கூட்டினாலும் கிடைக்கும் தள்ளல் ஒன்றுதான். ஆனால், முதலாவதற்கு எரிபொருள் பல மடங்கு செலவாகும். அதனால்தான் இன்ஜின்கள் வருஷத்துக்கு வருஷம் குண்டாகிக்கொண்டே போகின்றன. போயிங் 777-இல் இருக்கும் ஜிஇ90 இன்ஜினின் ஃபேன் விட்டம் மூன்று மீட்டருக்கும் மேல். உயரமான ஆள் கை தூக்கி நின்றாலும் உள்ளே இடம் இருக்கும்.

சாம்பல் செய்த வேலை

இனி ஜாவாவுக்கு வருவோம். அன்று அங்கே கலுங்குங் எரிமலை குமுறிக்கொண்டிருந்தது. விமானம் அதன் சாம்பல் மேகத்துக்குள் போய்விட்டது. வானிலை ரேடார் மழைத்துளியைக் கண்டுபிடிக்கும். காய்ந்த சாம்பலைக் காட்டாது. எரிமலைச் சாம்பல் என்பது அடுப்புச் சாம்பல் மாதிரி மெத்தென்று இருக்காது. பொடியான பாறையும் கண்ணாடித் துகளும். சுமார் 1,100 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும். இன்ஜினின் எரியறையில் அதைவிட அதிகச் சூடு. உள்ளே போன சாம்பல் பாகுபோல் உருகி, டர்பைன் பகுதியில் ஒட்டி இறுகியது. வாயு வெளியேறும் வழி அடைபட்டது. காற்றோட்டம் குலைந்து நெருப்பு அணைந்தது. எல்லா இன்ஜின்களுக்கும் ஒரே கதி.

சரி, ஏன் விழவில்லை? விமானத்தைத் தூக்கிப் பிடிப்பது இன்ஜின் இல்லை, இறக்கைகள். இறக்கைமேல் காற்று ஓட வேகம் வேண்டும். அந்த வேகத்தைத் தருவதுதான் இன்ஜின் வேலை. இன்ஜின் இல்லாவிட்டால், மூக்கைச் சற்றே தாழ்த்திக்கொண்டு உயரத்தைச் செலவழித்து வேகம் வாங்கலாம். மேம்பால இறக்கத்தில் பெடல் மிதிக்காமல் சைக்கிள் ஓடுகிறதே, அப்படி. 747 ஒரு கிலோமீட்டர் இறங்குவதற்குள் சுமார் 15 கிலோமீட்டர் முன்னே போகும்.

ஆனால், எதிரே ஜாவாவின் மலைகள். 12,000 அடிக்குக் கீழே போனால் மலையைத் தாண்ட முடியாது. கடலில்தான் இறங்க வேண்டும் என்று முடிவானது. விமானிகள் விடாமல் இன்ஜின்களைப் பற்றவைக்க முயன்றபடியே இருந்தார்கள். சுமார் 13,500 அடியில் நாலாவது இன்ஜின் உயிர்பெற்றது. பின்னாலேயே மற்றவையும்!

காரணம், நெருப்பு அணைந்ததால் இன்ஜின் குளிர்ந்தது. ஒட்டியிருந்த கண்ணாடிப் படலம் விரிசல் விட்டு உடைந்து உதிர்ந்தது. வழி ஓரளவு திறந்தது. சாம்பல் மேகத்துக்குக் கீழே சுத்தமான காற்றும் கிடைத்தது. இன்ஜினை நிறுத்திய அதே சாம்பல், இன்ஜின் நின்றதால் உதிர்ந்தது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆச்சர்யம்தான்.

மலையைத் தாண்ட மேலே ஏறியபோது மறுபடி சாம்பல். ஓர் இன்ஜின் அடம்பிடிக்க, அதை நிறுத்திவிட்டார்கள். முன்கண்ணாடி உப்புத்தாள் தேய்த்ததுபோல மங்கிப்போயிருந்தது. ஓரத்தில் தப்பியிருந்த சின்ன இடுக்கு வழியே ஓடுபாதை விளக்குகளைப் பார்த்து, ஜகார்த்தாவில் இறக்கினார் மூடி. ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை.

இப்போது எரிமலைச் சாம்பலைக் கண்காணித்து விமானங்களை எச்சரிக்க, உலகெங்கும் ஒன்பது மையங்கள் இயங்குகின்றன. இந்தோனேஷிய வானத்தைப் பார்த்துக்கொள்வது ஆஸ்திரேலியாவின் டார்வின் மையம்.

தப்பித்தவர்கள் சேர்ந்து ஒரு சங்கமும் தொடங்கினார்கள். அதற்கு வைத்த பெயர்: கலுங்குங் கிளைடிங் கிளப்!