நீர் கற்பிக்கும் துணிவு

நுழையும்முன்

அச்சமின்மையே துணிவு எனப் பலர் எண்ணுவர். அச்சத்தை உடன்வைத்துக்கொண்டே ஒரு செயலை முறையாகக் கற்பதும் துணிவுதான். இளமையில் வாய்க்காத நீச்சலை வளர்ந்தபின் கற்போரிடம் இத்துணிவைக் காணலாம்.

ஏரிகளின் நடுவே

காஞ்சிபுரம் ஏரிகள் நிறைந்த மாவட்டம். திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்பவர், சாலையோரம் மகிழுந்து ஆலைகளையும் அவற்றுக்கு அப்பால் ஏரிக்கரைகளையும் காண்பர். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் அவ்வேரிகளில் நீர் பெருகும். கைவிடப்பட்ட கல்குவாரிப் பள்ளங்களிலும் நீர் தேங்கும். ஆலைப்பணிக்காக மழை குறைந்த உள்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் இளைஞர் பலர் இங்கு வந்து தங்கியுள்ளனர். நீர்நிலைகளின் அருகே வாழ்ந்தும் நீந்த அறியாதோர் அவர்களுள் உண்டு.

முற்காலத்தில் ஊர்க்கிணறே நீச்சல் பள்ளியாக விளங்கியது. இடுப்பில் கயிறு கட்டியும், காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் பிணைத்தும் பெரியோர் சிறுவரை நீரில் இறக்கினர். நிலத்தடி நீர் தாழ்ந்து, ஆழ்துளைக் கிணறுகள் பெருகியபின் அப்பள்ளி பல ஊர்களில் இல்லாமற்போயிற்று. இவ்விழப்பு சிறிதன்று. 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி உயிரிழந்தனர் என உலக நலவாழ்வு நிறுவனம் கணித்துள்ளது. நீச்சல் விளையாட்டு மட்டுமன்று. உயிர் காக்கும் கல்வியும் ஆகும்.

நாணமும் அச்சமும்

குழந்தை தண்ணீரைக் குடித்து, இருமி, அழுது, மறுநொடியே மீண்டும் இறங்கும். வளர்ந்தவரால் அது எளிதில் இயல்வதில்லை. பத்து வயதுச் சிறுமி நீச்சல்குளத்தை எளிதாகக் கடக்கும்போது, முப்பது வயதினர் கைப்பிடிக் கம்பியைப் பற்றியபடி நிற்க நேரும். அப்போது நீரைக் குறித்த அச்சத்தோடு, பிறர் நகைப்பரோ என்னும் நாணமும் சேர்ந்துகொள்ளும். பலரைக் கரையேற்றிவிடுவது இந்த நாணமே. தெரியாததைத் தெரியாது என ஒப்புக்கொண்டு, தம்மினும் இளையோர் நடுவே மாணவராக நிற்பதே வளர்ந்தோர் காட்டவேண்டிய முதல் துணிவு.

உடல் மிதப்பது எவ்வாறு?

மூச்சை நன்கு உள்ளிழுத்த நிலையில், பெரும்பாலோரின் உடல் அடர்த்தி நீரின் அடர்த்தியைவிடச் சற்றே குறைவாக இருக்கும். ஆகவே, தளர்ந்து கிடந்தாலே உடல் மிதக்கும். அஞ்சியவரோ தலையை நீருக்குமேல் உயர்த்துவார். உடனே இடுப்பும் காலும் கீழிறங்கும். உடலை விறைப்பாக்கி மூச்சை அடக்குவார், விரைவில் திணறுவார். அச்சம் இயல்பாகத் தூண்டும் செயல்களே மிதப்பதற்குத் தடையாகின்றன.

எனவே, பயிற்சி படிப்படியாக அமைகிறது. இடுப்பளவு நீரில் நின்று, முகத்தை ஆழ்த்தி, மூச்சைக் குமிழிகளாக வெளிவிடுவது முதற்படி. விளிம்பைப் பற்றி மிதப்பதும், பின் கையை விடுவதும் அடுத்த படி. காலுதைத்தலும் கைவீச்சும் அதன்பின் வரும். ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்னும் பழமொழி இங்கு முற்றிலும் பொருந்தும். விதிகளை ஒரு நாளில் படித்துவிடலாம். உடல் அவற்றை ஏற்கப் பல நாள் ஆகும்.

மிகிர் சென்

1930ஆம் ஆண்டு புரூலியாவில் பிறந்த மிகிர் சென், சட்டம் பயில இலண்டன் சென்றார். புளோரன்சு சாட்விக் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1950இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த செய்தி அவரை ஈர்த்தது. அப்போது அவருக்கு நீச்சல் பயிற்சி பெரிதாக இல்லை. ஆயினும், இலண்டனில் முறையாகப் பயின்றார். தொடக்க முயற்சிகள் தோற்றன. தளராமல் முயன்று, 1958 செப்டம்பர் 27 அன்று 14 மணி 45 நிமிடத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் இந்தியரானார்.

அவரது அடுத்த பெருஞ்செயல் தமிழகக் கடலில் நிகழ்ந்தது. 1966 ஏப்ரலில் இலங்கையின் தலைமன்னாரில் இறங்கி, 25 மணி 36 நிமிடம் நீந்தித் தனுஷ்கோடியில் கரையேறினார். 1964ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த கரை அது. அவ்வாண்டிலேயே ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ் நீரிணைகளையும் பனாமா கால்வாயையும் நீந்திக் கடந்தார். 1967இல் பத்மபூஷண் விருது பெற்றார்.

பாக் நீரிணையில் இந்தியக் கடற்படைக் கப்பல்கள் அவருக்கு வழித்துணையாக வந்தன. கடல்களைக் கடந்த வீரரும் துணையின்றி நீரில் இறங்கவில்லை.

துணிவும் துணையும்

ஆழம் அறியாத ஏரியிலோ கல்குவாரிப் பள்ளத்திலோ தனியே குதிப்பது துணிவாகாது. தேர்ந்த பயிற்றுநரின் மேற்பார்வையில் நீச்சல்குளத்தில் கற்பதே முறை. ஒருவர் நீரில் தத்தளித்தால், மீட்புப் பயிற்சி இல்லாதவர் பாயக்கூடாது. மூழ்குபவர் காப்பவரையும் பற்றி இழுத்துவிடுவார். கரையில் நின்றபடி கயிறு, வேட்டி, நீண்ட கழி ஆகியவற்றுள் ஒன்றை நீட்டலாம். மூடிய காலிக் குடத்தை எறியலாம். உதவிக்குக் குரலெழுப்பி, 108 அல்லது 112 என்னும் எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

சுழற்சிமுறைப் பணி முடிந்து, களைப்போடு நீச்சல்குளத்துக்குச் செல்லும் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பாருங்கள். முதல் நாள் முகத்தை நனைக்கவே தயங்கியவர், சில வாரங்களில் கைப்பிடிக் கம்பியை விட்டுவிட்டு நான்கு முழத் தொலைவு மிதக்கிறார். எவரும் அவருக்குப் பரிசளிப்பதில்லை. ஆனால், அவருடைய குழந்தைக்கு நீர் அயலானதாக இராது. மூடப்பட்ட கிணற்றுப் பள்ளி அந்த ஒரு வீட்டிலேனும் மீண்டும் திறக்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் முன்பு நீச்சல் கற்பிக்கப்பட்ட முறையைப் பெரியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.
2. ‘கற்பதற்கு வயது தடையன்று’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் உரையாடுக.