சேதுக் காசு

பாட்டி விட்டுச்சென்ற பழைய வெள்ளி ரூபாய் உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால், அதன் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். சீப்புப் பல்போல் வரிவரியாக இருக்கும். அது இயந்திரத்தில் அடித்த காசு. ஒன்றைப்போலவே மற்றொன்றும் இருக்கும்.

இயந்திரம் வருமுன்னர் காசைச் சம்மட்டியால் அடித்தார்கள். ஓர் அச்சைக் கட்டையில் அசையாமல் பதிப்பார்கள். அதன்மேல் உலோகத் துண்டை வைத்து, இரண்டாவது அச்சை அதற்குமேல் நிறுத்தி, ஓங்கி ஓர் அடி! இரு பக்கமும் படம் விழுந்துவிடும். அச்சு சற்றே விலகினால் மன்னனுக்குத் தலை இராது; எழுத்தில் பாதி காசுக்கு வெளியே போய்விடும்.

தமிழ் மன்னர் அடித்த அத்தகைய காசுகளுள் ஒன்று சேதுக் காசு. ஒரு பக்கம் நிற்கும் மன்னன்; மறுபக்கம் படுத்திருக்கும் நந்தி, அதன்கீழ் ‘சேது’ என்று தமிழில் இரண்டே எழுத்துகள். பெரும்பாலும் செம்பு.

நிற்கும் உருவம் புதிதன்று. முதலாம் இராசராச சோழன் (985–1014) காசில் அது உண்டு. ஆனால் அவன் பெயர் நாகரி எழுத்தில் இருக்கும். சோழர் இலங்கையை விட்டகன்ற பின்பும் அங்கிருந்த மன்னர்கள் அதே உருவத்தையே பொறித்தனர். மக்கள் பழகிய காசைத்தானே நம்பி வாங்குவார்கள்? அயர்லாந்தின் டப்ளின் நகரை ஆண்ட சித்ரிக் என்ற வடநாட்டு மன்னனும், ஏறத்தாழ 997-இல், இங்கிலாந்து மன்னரின் வெள்ளிக் காசைப் பார்த்தே தன் காசை அடித்தான். பின்னால் வந்தவர்கள் எழுத்தறியாமலே படியெடுத்ததில், எழுத்துகள் வெறும் கோடுகளாயின. இலங்கையிலோ மன்னனின் உடலே கோடும் புள்ளியுமாகிவிட்டது!

‘சேது’ என்றால் இராமேசுவரம் அன்றோ? ஆகவே அது இராமநாதபுரம் சேதுபதிகளின் காசு என்றே முன்பு சிலர் கருதினர். முதலியார் இராசநாயகம் 1926-இல் வெளியிட்ட நூலில், அது யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளுடையது என்று வாதிட்டார். போர்த்துக்கீசியர் 1619-இல் கைப்பற்றும்வரை நீடித்த தமிழரசு அது. அக்காசுகள் யாழ்ப்பாண மண்ணில் மிகுதியாகக் கிடைப்பது அவர் பக்கத்துக்கு வலுவான சாட்சி. எங்கே கிடைத்தது என்று யாரும் குறித்து வைத்திராவிட்டால் அந்த வழக்கு எப்படித் தீர்ந்திருக்கும்?

ஆகவே ஜெலாப்பாங்கில் வேலி நடும்போதோ, பழைய ஈயலம்பத்தோரம் மண்ணைக் கிளறும்போதோ கோணல்மாணலாக ஒரு காசு அகப்பட்டால், பத்தரிடம் கொடுத்து உருக்கிவிடாதீர்கள். புளி போட்டுத் துலக்கவும் வேண்டாம், எழுத்து தேய்ந்துவிடும். கிடைத்த இடத்தையும் நாளையும் ஒரு தாளில் எழுதிவைத்து, மாவட்ட அலுவலகத்தில் தெரிவியுங்கள். 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டமும் அதைத்தான் கேட்கிறது.