பால்குடி மறக்கடிப்பது எப்படி?

பிறந்தது முதல் 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். பிறகு குழைந்த சோறு, பருப்பு, மசித்த வாழைப்பழம் ஊட்ட வேண்டும். கூடவே 2 வயது வரை தாய்ப்பாலும் தர வேண்டும். அதற்கு மேலும் தரலாம்.

சிலர் ஒரே நாளில் பாலை நிறுத்துகிறார்கள். மார்பில் வேப்பெண்ணெய் தடவுகிறார்கள். பிள்ளையைப் பாட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இது சரியா?

பிள்ளை ஏங்கிப்போகும். சாப்பிட மறுக்கும். மெலியும். தாய்க்கும் பால் கட்டிக்கொள்ளும். மார்பு வலிக்கும். காய்ச்சலும் வரலாம்.

எனவே மெல்ல மெல்லக் குறையுங்கள். முதலில் பகலில் ஒரு வேளை பாலை நிறுத்துங்கள். அந்த வேளையில் சோறு ஊட்டுங்கள். சில நாள் கழித்து இன்னொரு வேளையை நிறுத்துங்கள். இரவுப் பாலைக் கடைசியில் நிறுத்துங்கள்.

பிள்ளைக்குக் காய்ச்சலோ பேதியோ இருக்கும்போது நிறுத்தாதீர்கள். அழுதால் மடியில் வைத்துக் கொஞ்சுங்கள்.

உங்கள் வீட்டில் எப்படி மறக்கடித்தார்கள்? பேசுவோம்.