ஃபிளாஷ் இல்லாமல் இரவு ரதத்தைப் பிலிமில் படமெடுக்க...

தைப்பூசத்தையொட்டி கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளி ரதம் இரவில்தான் புறப்படுகிறது. அதைப் பிலிம் கேமராவில் எடுக்க விரும்புவோருக்கு முதல் சிக்கல் வெளிச்சம். ஃபிளாஷ் அடித்தால் விளக்கொளியின் அழகு போய்விடும். பக்தியில் ஒன்றியிருப்பவர்களுக்கும் இடையூறு.

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, அகலமாகத் திறக்கும் 'வேகமான' லென்ஸ். மற்றொன்று, குறைந்த ஒளியிலும் பதிவாகும் வேகமான பிலிம்.

லென்ஸில் எஃப் எண் குறையக் குறைய ஒளி கூடும். எஃப் 2.8-ஐவிட எஃப் 1.4 நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். தெருவிளக்கு வெளிச்சத்தில் 400 வேகப் பிலிமுக்கு எஃப் 2.8-இல் ஏறத்தாழ 1/15 வினாடி தேவைப்படும் என்றால், எஃப் 1.4-இல் 1/60 போதும். கை நடுக்கம் படத்தில் தெரியாது.

ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. 50 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 1.2-இல் திறந்து ஒரு மீட்டர் தொலைவில் எடுத்தால், கூர்மையாகத் தெரியும் ஆழம் 3 சென்டிமீட்டர்கூட இருக்காது. பால்குடம் ஏந்தியவர் ஓர் அடி முன்னே வைத்தாலே முகம் மங்கிவிடும்.

1975-இல் வெளிவந்த 'பேரி லிண்டன்' படத்தை எடுத்த ஸ்டான்லி குப்ரிக்கும் இதே சிக்கலைச் சந்தித்தார். நாசாவுக்காகத் தயாரிக்கப்பட்ட எஃப் 0.7 ஸைஸ் லென்ஸைக் கொண்டு மெழுகுவத்தி ஒளியிலேயே சில காட்சிகளை அவர் படமாக்கினார். கூர்மை கெடாதிருக்க, அக்காட்சிகளில் நடிகர்கள் அதிகம் அசையாமல் நடிக்க வேண்டியிருந்தது. ஊர்வலத்தில் வருவோரை அப்படி நிற்கச் சொல்ல முடியாது.

அங்கேதான் வேகமான பிலிம் கைகொடுக்கும். இல்ஃபோர்டு டெல்டா 3200, கோடாக் டி-மேக்ஸ் பி3200 ஆகிய கறுப்பு வெள்ளைப் பிலிம்களை 3200 வேகத்தில் பயன்படுத்தினால், அதே வெளிச்சத்தில் எஃப் 2.8-இலேயே 1/125 வினாடி கிடைக்கும். லென்ஸை முழுதாகத் திறக்கத் தேவையில்லை, கூர்மையும் கூடும். புள்ளிகள் சற்றுப் பெரிதாகத் தெரிவது இதற்கான விலை.

இவற்றின் அடிப்படை வேகம் ஏறத்தாழ 1000 மட்டுமே. 3200-இல் எடுத்தால் பிலிம் கழுவும் நேரத்தைக் கூட்ட வேண்டும் என்பதால், கடையில் கொடுக்கும்போதே வேகத்தைச் சொல்லிவிட வேண்டும். நேரத்தைக் கூட்டினாலும், ஒளி படாத இருட்டுப் பகுதியில் விவரம் வராது. எனவே வெளிச்சத்தை ரத விளக்குகளைப் பார்த்து அளக்காமல், முகத்தைப் பார்த்து அளக்க வேண்டும். விளக்கைப் பார்த்து அளந்தால் முகம் கறுத்துவிடும்.

வேகமான பிலிம், வெப்பத்தாலும் விமான நிலைய ஊடுகதிர்ச் சோதனையாலும் சீக்கிரம் கெடும். குளிர்பெட்டியில் வைத்திருந்து, வெளியே எடுத்துக் குளிர் விட்ட பிறகே உறையைப் பிரிக்க வேண்டும். விமானப் பயணத்தில் கையால் சோதிக்கும்படி கேட்பது நல்லது.

ரதம் அடுத்த ஆண்டும் வரும். அந்த இரவில், அந்த விளக்கொளியில் தெரிந்த முகம் மீண்டும் கிடைக்காது. புறப்படும் முன்பே ஒரு சுருளை எடுத்துப் பழகிக்கொள்வது நல்லது.