கம்பத்திலிருந்து கடல் கடந்து...
குழந்தையோடு முதல் வெளிநாட்டுப் பயணம் போகிறவர்களுக்குச் சில யோசனைகள்

கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்குப் பிரயாணம் புதிதல்ல. விடியற்காலையில் ஜீப் ஏறி, மலைச்சாலையில் வளைந்து வளைந்து கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குப் போய், பொழுது சாய இறங்கி வருகிறவர்கள் அவர்கள். ஆனால் கடல் கடந்து போவது வேறு சங்கதி அல்லவா?

முன்னொரு காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடிப் போனவர்களே. நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனார்கள். தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னாருக்குப் போனார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே விழுங்கிவிட்டது. ரஜூலாவும் ஓய்ந்து பல்லாண்டுகள் ஆகின்றன. இன்று அதே ஊர்களுக்குப் பிழைக்க அல்ல, பார்க்கப் போகிறார்கள். தனியாக அல்ல, குடும்பத்தோடு போகிறார்கள். கையில் குழந்தையையும் பிடித்துக் கொண்டு போகிறார்கள்!

ஒரு குடும்பத்தின் கனவு

கம்பத்தில் உரக்கடை வைத்திருக்கும் ஒருவரைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். மனைவி பள்ளி ஆசிரியை. ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. வீட்டில் அறுபத்தெட்டு வயதுத் தாயார். ஆறு வருஷம் கட்டிய சீட்டுப் பணம் கைக்கு வருகிறது. "நகையாக்கிப் போடலாம்" என்கிறார்கள் உறவினர்கள். "ஏங்க, நகை எப்பவும் வாங்கலாம். அத்தைக்கு முழங்கால் நல்லா இருக்கறப்பவே எங்கயாவது போயிட்டு வந்துடுவோம்" என்கிறாள் மனைவி.

"எனக்குப் பத்துமலை முருகனைப் பார்த்தாப் போதும்ப்பா" என்கிறாள் தாயார்.

"சிங்கப்பூர்ல சிங்கம் இருக்கா அப்பா?" என்கிறது குழந்தை.

ஆக, கோலாலம்பூர், மலாக்கா, சிங்கப்பூர் என்று மூன்று ஊர்கள் முடிவாகிவிட்டன. இப்படிப்பட்ட குடும்பம் எங்கே தடுக்கி விழும், எப்படி விழாமல் போய் வரலாம் என்பதே இக்கட்டுரையின் விஷயம். ஆறு வருஷச் சேமிப்பு என்பது விளையாட்டல்லவே!

பெயரில் இருக்கிறது சூட்சுமம்

முதல் வேலை டிக்கெட் வாங்குவதல்ல, பாஸ்போர்ட் எடுப்பதுதான். மலிவாகக் கிடைக்கிறதே என்று டிக்கெட்டை முதலில் வாங்கிவிட்டுப் பாஸ்போர்ட்டுக்கு அலைகிறவர்கள், குதிரைக்கு முன்னால் கொள்ளை வாங்கிக் குவித்தவர்கள் போலத்தான்.

தேனி மாவட்டம் மதுரை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது. விண்ணப்பத்தை அரசின் இணையதளத்தில் பதிவு செய்து, நாளும் நேரமும் வாங்கிக் கொண்டு போக வேண்டும். அரசின் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் போலித் தளங்களும் உண்டு, எச்சரிக்கை தேவை. முப்பத்தாறு பக்கப் புத்தகத்துக்குப் பெரியவர்களுக்கு 1,500 ரூபாய். குழந்தைக்கு 1,000 ரூபாய். எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கும் புதுப் பாஸ்போர்ட்டில் நூற்றுக்குப் பத்துத் தள்ளுபடி உண்டு. நமது உரக்கடைக்காரர் குடும்பத்தில் பாட்டிக்கும் பேத்திக்கும் அந்தச் சலுகை சேருகிறது. நால்வருக்கும் சேர்த்து 5,250 ரூபாயில் முடிந்துவிடும்.

பணம் பெரிதல்ல, பெயர்தான் பெரிது. தமிழர்களாகிய நமக்கு முதலெழுத்து உண்டே தவிரக் குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டோ முதலெழுத்தை ஏற்பதில்லை. அதை முழுப் பெயராக விரித்து எழுதச் சொல்கிறது. கணவனுக்குத் தன் தந்தை பெயர் பின்னால் வருகிறது. மனைவிக்கும் குழந்தைக்கும் கணவன் பெயர் வருகிறது. தாயாருக்குக் காலஞ்சென்ற தன் கணவர் பெயர். ஒரே வீட்டில் இத்தனை 'குடும்பப் பெயர்கள்'! தவறு ஏதுமில்லை. ஆனால் நால்வரின் காகிதங்களும் ஒன்றையே சொல்ல வேண்டும். ஆதாரில் ஒரு விதம், பள்ளிச் சான்றிதழில் ஒரு விதம், பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம் என்று ஆங்கில எழுத்து ஒன்று கூடியோ குறைந்தோ இருந்தால், அதைத் திருத்தும் வேலையே மாதக்கணக்கில் இழுத்துவிடும்.

குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுவதிலும் சங்கடம் உண்டு. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. அதற்குள் எத்தனை பேர் பதறியிருப்பார்கள்! ஆகவே தந்தை பெயரையோ கணவர் பெயரையோ அந்தக் கட்டத்தில் நிரப்பிவிடுவதே உத்தமம். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் டிக்கெட்டிலும் இருக்க வேண்டும்.

குழந்தைக்குத் தனிப் புத்தகம்

தாயின் பாஸ்போர்ட்டிலேயே குழந்தையின் பெயரையும் சேர்த்துக் கொண்ட காலம் ஒன்று இருந்தது. அது மலையேறிவிட்டது. இன்று கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். பெரியவர்களுடையது பத்து ஆண்டுகள் செல்லும். குழந்தையினுடையது ஐந்தே ஆண்டுகள். தாய் தந்தை இருவரும் சம்மதித்துக் கையெழுத்திட்ட உறுதிமொழிப் படிவம் ஒன்றையும் இணைக்க வேண்டும்.

பிறப்புச் சான்றிதழை இன்றே பெட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள். குழந்தையின் பெயர் அதில் இருக்கிறதா? ஆஸ்பத்திரியில் பிறந்தவுடன் பெயரில்லாமல் பதிவு செய்து, பிறகு பெயர் சேர்க்க மறந்துபோன வீடுகள் ஏராளம். 2023 அக்டோபர் 1-ம் தேதியும் அதற்குப் பிறகும் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே பிறந்த தேதிக்கு அத்தாட்சி என்று 2025-ல் விதி திருத்தப்பட்டுவிட்டது. பாட்டிக்கு அந்தக் கவலை இல்லை. பழைய தலைமுறைக்கு வேறு ஆவணங்களும் செல்லும்.

இன்னொன்று: ஊர் திரும்பும்போதும் பாஸ்போர்ட்டில் ஆறு மாத ஆயுள் மிச்சமிருப்பது அவசியம். ஐந்தாண்டுப் பாஸ்போர்ட் சீக்கிரம் கிழடாகிவிடும் என்பதை மறக்கலாகாது.

எப்போது போவது?

பள்ளத்தாக்குக்கென்று ஒரு பஞ்சாங்கம் உண்டு. ஜூன் தொடக்கத்தில் பெரியாற்றுத் தண்ணீர் திறந்தால் முதல் போக நடவு தொடங்கிவிடும். உரக்கடைக்காரர் கல்லாவை விட்டு அசைய முடியாது. ஏலத் தோட்டக்காரருக்கு ஆவணி தொடங்கித் தை வரை காய் எடுக்கும் காலம். பன்னீர் திராட்சைக்காரருக்கோ கவாத்து எப்போது, அறுவடை எப்போது என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். பள்ளிக் குழந்தைக்கு ஏப்ரல் கடைசியும் மே மாதமும் விடுமுறை. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் நமது குடும்பத்துக்கு மே முதல் பாதியே சரி. மே கடைசியில் சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை தொடங்கிவிடும். பிறகு மிருகக்காட்சிச் சாலையில் மிருகங்களைவிட மனிதர்களே அதிகம் தென்படுவார்கள்!

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் கலந்தே இருக்கும். பிற்பகலில் திடீரென்று மழை கொட்டும். ஆகவே வெளியே சுற்றுவதைக் காலையில் வைத்துக் கொண்டு, மதியம் குழந்தையைத் தூங்க வைத்துவிட வேண்டும்.

இரவுகளை எண்ணுங்கள்

முதல் தடவை போகிறவர்கள் செய்யும் பெரிய பிழை, ஊர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது. "இவ்வளவு செலவு செய்கிறோமே, பினாங்கையும் சேர்த்துவிடலாமே!" என்று தோன்றும். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு மாறினால் அரை நாள் போய்விடும். மூட்டை கட்டுவது, அறையைக் காலி செய்வது, வண்டி பிடிப்பது, புதிய அறை தயாராகும்வரை காத்திருப்பது... குழந்தையின் பொறுமை இங்கேதான் முடியும். எத்தனை பகல் என்று கணக்கிடாமல் எத்தனை இரவு என்று கணக்கிட்டால் உண்மை விளங்கும்.

கோலாலம்பூரில் மூன்று இரவு, மலாக்காவில் இரண்டு, சிங்கப்பூரில் மூன்று. மொத்தம் எட்டு. இதற்கு மேல் ஆசை வேண்டாம். சிங்கப்பூரில் செலவு அதிகம். அங்கே இரவுகளைக் கூட்டினால் சீட்டுப் பணம் கரைந்துவிடும்.

பாதையிலும் ஒரு சிக்கனம் உண்டு. கோலாலம்பூருக்குப் போய், சிங்கப்பூர் வரை இறங்கி, மறுபடி கோலாலம்பூருக்கே வந்து விமானம் ஏறுவதில் அர்த்தமில்லை. கோலாலம்பூரில் இறங்கிச் சிங்கப்பூரிலிருந்து திரும்பும்படி டிக்கெட் வாங்கினால் ஒரு நாள் மிச்சம். கோலாலம்பூரிலிருந்து மலாக்காவுக்குப் பஸ்ஸில் சுமார் இரண்டு மணி நேரம். அங்கிருந்து சிங்கப்பூருக்கு நான்கைந்து மணி நேரம். எல்லையில் மலேசியப் பக்கம் ஒரு முறை, சிங்கப்பூர்ப் பக்கம் ஒரு முறை இறங்கி ஏற வேண்டும். மூட்டைகளையும் தூக்கிக் கொண்டு நடக்க வேண்டியிருக்கும். ஆகவே ஆளுக்கொரு பெட்டிக்கு மேல் வேண்டாம்.

எங்கே விமானம் ஏறுவது?

பள்ளத்தாக்குக்காரர்களுக்கு மூன்று வாசல்கள். பக்கத்தில் இருப்பது மதுரை. மலைக்கு அந்தப் பக்கம் கொச்சி. கிழக்கே திருச்சி. கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் நெடுங்காலமாக நேர் விமானங்கள் ஓடும் இடம் திருச்சி. பறக்கும் நேரம் ஏறக்குறைய நான்கு மணி. கொச்சிக்கும் விமானங்கள் பல உண்டு. ஆனால் குமுளி வழியாக மலைச்சாலையில் வாந்தி எடுத்துக் களைத்த குழந்தையோடு விமானம் ஏறுவது பெற்றோருக்குத் தண்டனை. கம்பத்திலிருந்து திருச்சிக்குக் காரில் ஐந்து மணி நேரம் ஒதுக்கி, புறப்படும் நேரத்துக்கு மூன்று மணி முன்பாகப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை மடியில் உட்காரலாம், கட்டணம் சொற்பம். இரண்டு முடிந்தால் தனி இருக்கை. பயணத்தின் நடுவில் இரண்டு வயது நிறைந்தால் திரும்பும் வழியில் இருக்கை வாங்கியாக வேண்டும். பிறந்த நாளைப் பார்த்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள்! விமானம் இறங்கும்போது குழந்தைக்குக் காது வலிக்கும். அந்த நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விழுங்கச் செய்தால் வலி தணியும்.

அனுமதியும் மூட்டையும்

மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு முப்பது நாள் வரை விசா வேண்டியதில்லை என்று சலுகை தந்தது. இது கால எல்லையுள்ள சலுகை. புறப்படுமுன் நீடிக்கிறதா என்று பார்த்துக் கொள்ள வேண்டும். சிங்கப்பூருக்கு விசா அவசியம். அங்கீகாரம் பெற்ற முகவர்கள் மூலம் ஊரிலேயே வாங்கிக் கொள்ள வேண்டும். இரண்டு நாடுகளுக்கும் போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மின்னணு வருகை அட்டையை நிரப்ப வேண்டும். குழந்தைக்கும் தனி அட்டை!

இனி சமையலறைக்கு வருவோம். பாட்டி அரைத்துக் கட்டும் மசாலாப் பொடியில் கசகசா சேர்ந்திருக்கிறதா? சேர்ந்திருந்தால் அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நமக்குக் குருமாச் சாமான். சிங்கப்பூரில் அது போதைப்பொருள் தடுப்புத் துறையின் விவகாரம். அபினிச் செடியின் விதை அல்லவா? அமீரகத்திலும் அதே கதைதான். மாமிசம், பழம், செடி ஆகியவற்றுக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. பன்னீர் திராட்சைக் கூடையைச் சுமந்து போக வேண்டாம். பேத்தி பட்டினி கிடக்க மாட்டாள். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸிலும் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையிலும் இட்லியும் தயிர் சாதமும் கிடைக்கும்.

குழந்தைக்கான காய்ச்சல் மருந்தையும் பாட்டியின் மாத்திரைகளையும் மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வைக்க வேண்டும். நகைகளை ஊரில் விட்டுச் செல்வது நிம்மதி. திரும்பும்போது சுங்க அதிகாரியிடம் 'இது பழைய நகை' என்று நிரூபிக்கும் தொல்லை இராது.

ஒத்திகை ஒன்று

கல்யாணத்துக்கு நிச்சயதார்த்தம் போல, கடல் பயணத்துக்கும் ஓர் ஒத்திகை நல்லது. 2010 முடிவில் நின்றுபோன மதுரை - போடி ரயில் பாதை அகலப் பாதையாகி, 2022-ல் தேனி வரையிலும் 2023 ஜூனில் போடி வரையிலும் திறந்துவிட்டார்கள். போடியிலிருந்து சென்னைக்கு இரவு ரயிலும் வந்துவிட்டது. குழந்தையை ஒரு முறை அதில் அழைத்துப் போய் இரண்டு இரவு வெளியூரில் தங்கிப் பாருங்கள். புது இடத்தில் தூங்குகிறாளா, பாட்டி எவ்வளவு தூரம் நடக்கிறாள், எந்தப் பை கனக்கிறது எல்லாம் தெரிந்துவிடும்.

பத்துமலையில் படிகள் 272. அடிவாரத்தில் நிற்கும் 140 அடி முருகன் சிலையைக் கீழே இருந்தே கண்குளிரப் பார்க்கலாம். பாட்டிக்கு முழங்கால் ஒத்துழைத்தால் வெயில் ஏறுமுன் மெல்ல ஏறலாம். ஒத்துழைக்காவிட்டால் மகன் மட்டும் போய்வர, பாட்டியும் பேத்தியும் கீழே புறாக்களைப் பார்த்துக் கொண்டிருக்கலாம். திட்டம் என்பது மனிதர்களுக்காக. திட்டத்துக்காக மனிதர்கள் அல்லவே. ஒவ்வொரு நாளும் பெரியவர்களுக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று என்று இரண்டே இடங்கள் வைத்துக் கொண்டால் யாரும் அழ வேண்டியதில்லை.

ஊர் திரும்பிய பிறகு குழந்தைக்கு நினைவிருப்பது எது? நானூற்றைம்பது மீட்டர் இரட்டைக் கோபுரமா, மலாக்காவின் பழைய வீதிகளா? இருக்கலாம். ஆனால் அப்பா ஒரு வாரம் முழுவதும் கடைக்குப் போகாமல் தன் கையைப் பிடித்துக் கொண்டு நடந்தார் என்பது நிச்சயம் நினைவிருக்கும். சீட்டுப் பணத்துக்கு அதைவிடப் பெரிய வட்டி ஏது?