புகையை விடத் துணை வேண்டும்

'நாளையோடு நிறுத்திவிடுவேன்' என்று தமக்குள் சபதம் செய்யாத புகைப்பவர் நம்மிடையே அரிது. இரவு வேலைக்கும் குளிருக்கும் தனிமைக்கும் துணையெனப் புலம்பெயர்ந்த மண்ணில் பற்றவைத்த சிகரெட்டைப் பலர் இரகசியமாகவே விட முயல்கின்றனர். தோற்றால் எவரும் அறியார் என்பதே காரணம். பல வேளைகளில் தோல்விக்கும் அதுவே காரணமாகின்றது.

இது மனவுறுதியை மட்டும் பொறுத்ததன்று. உள்ளிழுத்த நிகோட்டின் சில விநாடிகளில் மூளையை அடைகின்றது. அது கிடைக்காதபோது எரிச்சலும் பதற்றமும் உறக்கமின்மையும் தோன்றுகின்றன. முதல் வாரமே மிகக் கடுமையானது. மூன்று, நான்கு வாரங்களில் இவை பெரும்பாலும் தணிந்துவிடும். அவ்வாரங்களைக் கடக்கவே துணை தேவை.

இங்கிலாந்தில் 1999ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இலவச ஆலோசனைச் சேவை இன்று உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பில் உள்ளது. புகைப்பதை விடும் நாளைக் குறித்தபின் ஆலோசகர் வாரந்தோறும் உரையாடுகின்றார். மூச்சிலுள்ள காபன் மொனொக்சைட்டை அளந்து காட்டுகின்றார். தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டை, சூயிங்கம் போன்றவற்றைப் பெற உதவுகின்றார். மொழி தடையாயின் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

வீட்டாரின் பங்கும் சிறிதன்று. எரிந்துவிழும் கணவரிடம், 'இதற்குப் பேசாமல் புகைத்தே தொலைத்திருக்கலாம்' என்று சலித்துக்கொள்ளும் மனைவியரை நாம் அறிவோம். அச்சொல்லை நான்கு வாரம் அடக்கினால் அதுவே பேருதவி. இடையில் ஒருமுறை தவறினாலும் ஏளனம் வேண்டாம். பலர் சில தடவைகள் முயன்ற பின்னரே வென்றுள்ளனர்.

ஓராண்டு புகைக்காதிருப்பவருக்குப் புகைத்தலால் கூடிய இருதய நோய் அபாயம் பாதியாகக் குறைகின்றது. ஆகவே, அடுத்த சபதத்தை மனத்துள் எடுக்காமல், ஒருவர் காதிலாவது போட்டுவைப்போம்.