கம்பெனித் தமிழ்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை தொழிற்சாலைக்குப் பேச்சில் ஒரே பெயர்தான்: 'கம்பெனி'. 'ஆலை' செய்தித்தாளோடு நின்றுவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. ஏரிப்பாசனத்தில் நெல் விளைந்த ஊர்களுக்கு ஒரே தலைமுறையில் ஒரு புதிய சொற்கோவை வந்து சேர்ந்தது.

அதில் ஒரு பகுதி வேலையைப் பற்றியது. பாகங்கள் நகர நகரப் பொருத்தப்படும் வரிசை 'லைன்'. "லைன் நின்னுடுச்சு" என்றால் சூப்பர்வைசர் ஓடி வருவார். 'கைசன்', 'போகா யோகே' போன்ற ஜப்பானியச் சொற்களும் புழங்குகின்றன. கைசன், வேலையைச் சிறிது சிறிதாகச் சீர்செய்துகொண்டே போவது. போகா யோகே, தவறாகப் பொருத்தவே முடியாதபடி செய்யும் ஏற்பாடு. பாகம் தலைகீழாக இருந்தால் அச்சில் உட்காராது. இம்முறையை வகுத்த ஷிகேயோ ஷிங்கோ முதலில் வைத்த பெயரில் 'முட்டாள்' என்னும் பொருள் இருந்தது. அது தொழிலாளியைப் புண்படுத்தியதால், 'கவனப் பிசகு' எனப் பொருள்படும் சொல்லுக்கு மாற்றினார். வேலை செய்பவரின் மானத்தை மதித்த மாற்றம் அது.

மற்றொரு பகுதி ஆளைப் பற்றியது. வாழ்க்கையைத் தீர்மானிப்பது இதுதான். 'பர்மனென்ட்', 'கான்ட்ராக்ட்', 'டிரெய்னி', 'அப்ரண்டிஸ்' என்று நால்வர் ஒரே லைனில் நிற்கலாம். கான்ட்ராக்ட் ஆளுக்குச் சம்பளம் தருபவர் ஒப்பந்ததாரர். அப்ரண்டிஸோ, 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. அவருக்குக் கிடைப்பது சம்பளமல்ல, உதவித்தொகை. 'டிரெய்னி' என்பது இவ்வளவு திட்டவட்டமானதல்ல. கம்பெனியே வைக்கும் பெயராகவும் இருக்கலாம், 2013இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) கொண்டுவந்த 'நீம்' பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தவரையும் அப்படி அழைத்தார்கள்.

24 மாதங்களுக்குள் 480 நாட்கள் தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது 1981ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம். அந்தக் கணக்கு யாருக்குப் பொருந்தும் என்ற வழக்குகளில், செய்த வேலையைப் போலவே வைத்த பெயரும் வாதமாகிறது. கற்றுக்கொடுக்காமல் உற்பத்தியில் மட்டும் நிறுத்தப்படுபவரை டிரெய்னி என்பது நியாயமல்ல. கல்யாணப் பேச்சில் பெண் வீட்டார் "பையன் பர்மனென்டா?" என்று முதலில் கேட்பதும் இந்தப் பெயர் வாழ்க்கையைத் தீர்மானிப்பதால்தான். கம்பெனியின் பெயர் அதற்குப் பிறகு வரும் கேள்வி.